கைராசிக்காரர்

எனக்கு முப்பது வயதிலேயே தலைமுடி கொட்டிவிட்டது. எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு அப்படித்தான். அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லோருக்கும் கல்யாணப் புகைப்படத்தில் மட்டும்தான் முடி இருக்கும். என் தங்கை என்னை முழுநிலா என்று கூப்பிடுவாள். வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவள். வீட்டிலும் நிகழ்ச்சி ஓடிக்கொண்டேதான் இருக்கும். மின்சாரம் போனால், "யாரும் மெழுகுவத்தி தேட வேண்டாம், அண்ணன் வந்துட்டான்" என்பாள். நான் கோபித்துக்கொண்டதில்லை. முடியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. யோசித்திருந்தால் இன்று இந்த மேசைக்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள். நான் எப்போதும் நிதானமாகத்தான் பேசுவேன். கெட்ட செய்தி சொல்வது என் தொழிலில் பாதி. அதை வேகமாகச் சொன்னால் கேட்பவர்களுக்கு இரண்டாவது முறை சொல்ல வேண்டிவரும்.

நிணநீர்ப் புற்றுநோய்தான் என் துறை. கழுத்திலோ அக்குளிலோ கோலிகுண்டு அளவில் ஒரு கட்டி வரும். வலிக்காது. வலிக்காததால் யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். எங்களிடம் வரும்போது அது எலுமிச்சை அளவுக்கு ஆகியிருக்கும். ஆனால் இது மோசமான நோய்களில் சேர்ந்ததல்ல. பல வருடங்களாக இருக்கும் பழைய மருந்துகளைக் கலந்து கொடுத்தாலே பத்துப் பேரில் ஆறு பேர் பிழைத்துக்கொள்வார்கள். மீதி நாலு பேர்தான் என் ஆராய்ச்சி.

நம் ரத்தத்தில் காவல் அணுக்கள் இருக்கின்றன. அந்நியனை அடையாளம் கண்டு கொல்வது அவற்றின் வேலை. புற்றணு வீட்டு ஆளைப் போல உடுத்திக்கொண்டு திரிவதால் அவை அதைக் கண்டுகொள்வதில்லை. நாங்கள் அந்தக் காவல் அணுக்களை நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் அவற்றுக்குப் புதிதாக ஒரு கண் பொருத்தி, கோடிக்கணக்கில் பெருக்கி, அதே உடம்புக்குள் திரும்ப அனுப்புகிறோம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பல நாடுகளில் செய்கிறார்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் செய்ய விரும்பினேன்.

ஒரு தபால்காரரால் வந்தது அது. இரண்டு விதமான மருந்துகள் கொடுத்தும் கேட்காமல் என்னிடம் வந்து சேர்ந்தவர். அவருடைய காவல் அணுக்களை எடுத்து வளர வைத்தோம். நுண்ணோக்கியில் நன்றாக வளரும் அணுக்களைப் பார்த்திருக்கிறீர்களா? இரவு விமானத்திலிருந்து ஒரு நகரத்தைப் பார்ப்பது போல இருக்கும். ஒவ்வொரு நாளும் விளக்குகள் கூடிக்கொண்டே போகும். தபால்காரருடையது அப்படி இல்லை. ஊரே காலி செய்துவிட்டுப் போனது போல அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுங்கிக்கொண்டிருந்தன. "வளருதா டாக்டர்?" என்று தினமும் கேட்பார், ஏதோ மாடியில் செடி வைத்திருப்பது போல. வளரவில்லை. காத்திருந்தே இறந்துபோனார்.

எனக்குக் காரணம் புரிந்தது. அவர் வாங்கிய மருந்துகள் புற்றணுக்களை மட்டுமா அடித்திருக்கும்? காவல் அணுக்களையும் சேர்த்துத்தான் அடித்திருக்கின்றன. முதுகொடிந்த ஆட்களை எழுப்பிப் போருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். மருந்தே படாத, தெம்பான அணுக்களை எடுத்தால்?

ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் குழுவிடம் போனேன். தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "டாக்டர், பத்துல ஆறு பேருக்கு முதல் மருந்துலயே சரியாகிடுதுன்னு நீங்களே சொல்றீங்க. அதை விட்டுட்டு அவங்க எதுக்கு உங்ககிட்ட வரணும்?"

நியாயமான கேள்வி. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. இரண்டு சிகிச்சைகள் தோற்றுப்போனவர்களிடம் மட்டும் என் முறையைச் செய்து பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்குத் தேவைப்பட்டது இரண்டு சிகிச்சைகள் தோற்றுப்போன, ஆனால் எந்த மருந்தும் படாத ஒரு ஆள். அப்படி ஒரு ஆள் இயற்கையில் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பிரிவில் மருந்து கலக்கிக்கொண்டிருந்த பெண் பிரசவ விடுப்பில் போனாள். புற்றுநோய் மருந்துகளைக் கண்ட இடத்தில் கலக்க முடியாது. அதற்கென்று கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை உண்டு. இரண்டு கையுறை, நீள அங்கி, முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். மேலிருந்து காற்று இறங்கும் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஏதோ கடலுக்கு அடியில் இருப்பது போலிருக்கும். அவளுக்குப் பதில் ஆள் வரும்வரை நானே கலக்குகிறேன் என்றேன். ஆள் வந்தபோது, பழகிவிட்டது, என் நோயாளிகளுக்கு மட்டும் நானே கலக்கிக்கொள்கிறேன் என்றேன்.

எங்கள் தலைமைச் செவிலியரை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். அவர் போவோர் வருவோரிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். "இவ்ளோ பெரிய டாக்டர், தன் கையால மருந்து கலக்குறாரு. மத்தவங்களுக்கு மாத்திரை பேரே மறந்துபோச்சு." எனக்குக் கூச்சமாக இருந்தது.

முதல் சிகிச்சையில் முக்கியமான மருந்து சிவப்பாக இருக்கும். சிவப்பு ஊசி என்றே பெயர். சொட்டுச் சொட்டாக ஏற்ற மாட்டார்கள். செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து கையால் மெதுவாகத் தள்ளுவார். வாயில் புண் வராமலிருக்க அதுவரை நோயாளி ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டிருக்க வேண்டும். அன்று முழுவதும் சிறுநீர் சிவப்பாகப் போகும். இரண்டு மூன்று வாரங்களில் தலைமுடி மொத்தமும் உதிரும்.

நீச்சல் ஆசிரியை எங்களிடம் வந்தது அப்போதுதான். நகராட்சி நீச்சல் குளத்தில் சொல்லிக்கொடுப்பவள். அகலமான தோள்கள், முழங்கை நீளத்துக்குப் பின்னல். கழுத்தில் ஒரு கட்டி, அவ்வளவுதான். நோய் வேறெங்கும் பரவவில்லை. அவளுடைய கணவர் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து சீருடையோடு வந்து வராந்தாவில் நின்றுகொண்டிருப்பார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். நாள் முழுக்க உட்கார்ந்துதானே சார் இருக்கேன் என்பார்.

அவள் இரண்டாவது சுற்றுக்கு வந்த அன்று என் தங்கை முதல் சுற்றுக்கு வந்தாள். ஆமாம், அவளுக்கும் அதே நோய்தான். குளித்துவிட்டு வந்து, "அண்ணா, இங்க ஏதோ முளைச்சிருக்கு பாரு" என்று கழுத்தைக் காட்டினாள். தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு மருத்துவரிடம் அனுப்பியிருக்கலாம். ஆனால் அவளுடைய மருந்தை இன்னொருவர் கையில் விட எனக்கு மனம் வரவில்லை. அன்று அளவை மூன்று முறை சரிபார்த்தேன். அந்த அறையில் நான் மூன்று முறை சரிபார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இருவரையும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தார்கள். நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் தங்கை ஐஸைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேச்சை ஆரம்பித்தாள்.

"உனக்கு எத்தனையாவதும்மா?"

"ரெண்டாவதுக்கா. உங்களுக்கு?"

"எனக்கு இன்னிக்குத்தான் திறப்பு விழா."

"பயப்படாதீங்க. என்னை ஒண்ணுமே பண்ணல. வாந்தி இல்ல, வாய்ப்புண் இல்ல. போன வாரம் குளத்துல ரெண்டு சுத்து அடிச்சிட்டு வந்துட்டேன். டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"டாக்டர் என் அண்ணன்."

"ஐயோ."

"கவலையை விடு. அவனுக்குக் காதுல எதுவும் விழாது. தலையில வெளிச்சம் மட்டும்தான் விழும்."

ஊசியைத் தள்ளிக்கொண்டிருந்த பெரிய சிஸ்டர் கையை நிறுத்திவிட்டார். "சிரிக்க வைக்காதீங்கம்மா, நரம்பு தவறிடும்."

அதற்குப் பிறகு அவர்களைப் பிரிக்க முடியவில்லை. தங்கை அவளுக்கு மீன்குட்டி என்று பெயர் வைத்தாள். ஓட்டுநருக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று தெரிந்ததும் தங்கைக்குக் கொண்டாட்டம்.

"இவரு பாலத்து மேல பஸ் ஓட்டும்போதே கண்ணை மூடிக்குவாருக்கா."

"அப்ப உள்ள இருக்கறவங்க?"

"அவங்களும் மூடிக்குவாங்க."

வராந்தாவில் நின்றவர் காது சிவக்கச் சிரித்தார். "இவரை ஒரு தடவையாவது ஆழத்துல இறக்கி நீந்த வைக்காம விட மாட்டேன். அதுக்காகவாவது நான் இருந்தாகணும்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

நானும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கீழே நான், மேலே அவள். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலையில் சீப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். சீப்பில் பாதித் தலை இருந்தது. "நானும் உங்க கட்சியில சேர்ந்துட்டேன். மாலை எல்லாம் கிடையாதா?" என்றாள். முற்றிலும் கொட்டும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நானே மழித்துவிட்டேன். சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் துண்டைப் போட்டு, என்னுடைய சவரக்கத்தியால். அவள் தலை இவ்வளவு சின்னது என்று எனக்கு அதுவரை தெரியாது. சின்ன வயதில் விழுந்த தழும்பு ஒன்று உச்சியில் இருந்தது. நான் தள்ளிவிட்டதால் வந்தது.

"மீன்குட்டிக்கு மட்டும் ஏண்ணா கொட்டல?"

"சிலருக்குக் கொட்டாது."

"எந்தச் சிலருக்கு?"

"அதிர்ஷ்டம் இருக்கறவங்களுக்கு. தலையை ஆட்டாத."

அவள் இதை அப்படியே நீச்சல் ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை என்னைப் பார்த்ததும் அவள் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, "நான் அதிர்ஷ்டக்காரியாமே டாக்டர். அதெல்லாம் இல்ல, உங்க கைராசி" என்றாள். இந்த வார்த்தையை நான் அப்போது நிறையக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் மருந்து வாங்கியவர்களில் சிலருக்கு எந்தத் தொந்தரவும் வருவதில்லை என்று வராந்தா முழுக்கப் பேச்சாக இருந்தது. கைராசிக்கார டாக்டர்.

அவர்களுக்கு நான் கொடுத்தது சிவப்பு நிறத்தில் வரும் ஒரு வைட்டமின் ஊசி. அதுவும் சிறுநீரைச் சிவப்பாக்கும். மாத்திரைகளுக்குப் பதில் சுண்ணாம்புச் சத்து. சொட்டாக ஏற்றியதெல்லாம் உப்புநீர். இதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வராது. நீங்கள் விஷம் என்ற சொல்லைப் பயன்படுத்தினீர்கள். நான் யாருக்கும் விஷம் கொடுக்கவில்லை. உண்மையில் அந்தப் பழைய மருந்துதான் விஷம். அதிலிருந்துதான் அவர்களைக் காப்பாற்றிவைத்தேன்.

எல்லோருக்கும் இப்படிச் செய்யவில்லை. வயதானவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் உண்மையான மருந்தையே கொடுத்தேன். இளமையும் தெம்பும் உள்ளவர்களை, நோய் அதிகம் பரவாதவர்களை, பழைய மருந்திலேயே பிழைத்திருக்கக்கூடியவர்களை மட்டும்தான் தேர்ந்தெடுத்தேன். அவர்களுடைய காவல் அணுக்கள்தான் நன்றாக இருக்கும். மொத்தம் ஏழு பேர். நீச்சல் ஆசிரியை நான்காவது.

அவளுடைய கட்டி வளர்ந்தது. தங்கையுடையது கரைந்துகொண்டே வந்தது. நீச்சல் ஆசிரியையுடையது சட்டைக் காலருக்கு மேல் தெரியும் அளவுக்கு வந்ததும் அவளை அழைத்து, முதல் மருந்து உங்களுக்குக் கேட்கவில்லை, இரண்டாவதற்குப் போவோம் என்றேன். ஓட்டுநர் எங்கள் மருத்துவமனையில் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தானே டாக்டர் இருந்தேன். ஒரு தொந்தரவும் இல்லையே."

"சில நேரம் அப்படி ஆகறதுண்டும்மா."

"இதுல முடி போயிடுமா?"

"இது கொஞ்சம் கடுமையானது. போயிடும்."

மறுநாள் அவள் என் தங்கையைத் தேடி வந்தாள். கையில் ரப்பர் நீச்சல் தொப்பி ஒன்று இருந்தது. அதற்குள் அவளுடைய பின்னலை வெட்டிச் சுருட்டி வைத்திருந்தாள். "எப்படியும் குப்பைக்குப் போகப்போகுதுக்கா. நீங்க விக் பண்ணிக்கங்க. எனக்குத் திரும்ப வளரும்" என்று கொடுத்தாள். எதற்கும் பதில் பேச்சு வைத்திருக்கிற என் தங்கை அன்று அந்தத் தொப்பியை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது சிகிச்சையும் நான் கலக்கியதுதான். முடி கொட்டவில்லை. கழுத்து வரை வெட்டியிருந்தது தோள் வரை வளர்ந்தது. கட்டி மார்புக்குள்ளும் பரவியது. மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, இன்னும் ஒரு வழி இருக்கிறது என்று என் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். அவள் கையெழுத்துப் போடுவதற்கு முன் என் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

அணுக்களைப் பிரித்தெடுக்கும் நாளில் படுக்கையில் அசையாமல் கிடக்க வேண்டும். ஒரு கையிலிருந்து ரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குள் போகும், இன்னொரு கை வழியே திரும்பி வரும். குழாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், "எல்லாம் திரும்பி வந்துடும்ல டாக்டர்?" என்று கேட்டாள். வந்துவிடும் என்றேன்.

அந்த அணுக்களைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முந்தைய மூன்று பேருடையதும் நன்றாகத்தான் வளர்ந்தன, ஆனால் இப்படி நான் பார்த்ததில்லை. தபால்காரரின் காலியான ஊர் ஞாபகம் இருக்கிறதல்லவா? இது விழா நாளில் ஒரு தலைநகரம். ஒவ்வொரு காலையும் ஆய்வகத்துக்கு ஓடுவேன், கோட்டைக்கூடக் கழற்றாமல் நுண்ணோக்கியில் குனிவேன். விளக்குகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு எரியும். நான் சொன்னது சரி என்று அந்தக் கண்ணாடித் தட்டில் எழுதியிருந்தது. அவளிடம் போய், "உங்க அணுக்கள் நல்லா நீந்துதும்மா" என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்ப ஏற்றுவது ஒரு சின்னப் பைதான். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். மறுநாளே காய்ச்சல் வந்தது. வர வேண்டும், அணுக்கள் வேலை செய்கின்றன என்று அர்த்தம். ஆனால் அவை மூளையையும் தொந்தரவு செய்யலாம் என்பதால் தினமும் ஒரு சோதனை வைப்போம். செவிலியர் பேனா, கடிகாரம், கரண்டி என்று ஏதாவது காட்டுவார். நோயாளி பெயர் சொல்ல வேண்டும்.

முதல் நாள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். கரண்டியைக் காட்டியதும், "சாப்பாடு எங்க சிஸ்டர்?" என்று கேட்டாள். இரண்டாம் நாள் கடிகாரத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மணி காட்டறது" என்றாள். மூன்றாம் நாள் பேனாவைக் காட்டினார்கள். தண்ணி என்றாள். கடிகாரத்துக்கும் தண்ணி. கணவரின் முகத்தைக் காட்டிக் கேட்டபோதும் தண்ணி.

பெரிய சிஸ்டர் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "அடக்கற மருந்து கைவசம் இருக்கு டாக்டர். போட்டுடலாமா?"

"கொஞ்சம் பொறுங்க சிஸ்டர்."

"எதுக்குப் பொறுக்கணும்?"

அந்த மருந்து அணுக்கள் உடம்புக்குள் கிளப்பும் புயலை அடக்கும், ஆனால் அணுக்களையும் சேர்த்துச் சோர வைத்துவிடும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவ்வளவு அழகான அணுக்கள். சாயங்காலம்வரை பொறுத்தேன். அவளுக்கு வலிப்பு வந்த பிறகு போட்டோம். அதற்குள் மூளை வீங்கிவிட்டது. களைத்த அணுக்கள் கொஞ்சமாகக் கொல்லும், தெம்பான அணுக்கள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கொல்லும். இதை யாரும் அதற்கு முன் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அடுத்தவர்களுக்குக் குறைந்த அளவில் ஏற்ற வேண்டும் என்பதை அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

இறந்த பிறகு பரிசோதித்தோம். கழுத்திலும் மார்பிலும் தேடியும் ஒரு புற்றணுகூட இல்லை. அவள் சாகும்போது அவளுக்குப் புற்றுநோய் இருக்கவில்லை. ஓட்டுநருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நின்றுகொண்டே கேட்டார். நான் சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. "உங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டீங்க டாக்டர்" என்றார். போகும்போது அவளுடைய செருப்பைப் பையில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு போனார். இப்போது நீச்சல் பழகுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஆழம் குறைந்த பக்கத்தில், குழந்தைகளோடு.

ஏழு பேரில் இரண்டு பேர் இன்றும் நன்றாக இருக்கிறார்கள். நீங்கள் அதைக் குறித்துக்கொள்ளவே இல்லை. ஐந்து என்பதைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். அந்த இரண்டு பேரும் பழைய மருந்திலேயே பிழைத்திருப்பார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அவர்கள் என் முறையில்தான் பிழைத்தார்கள்.

தங்கையின் சிகிச்சை அதற்குள் முடிந்துவிட்டது. ஸ்கேன் சுத்தமாக வந்தது. நான் வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதேன். நான் அழுகிற ஆள் இல்லை. நீச்சல் ஆசிரியை இறந்த அடுத்த மாதம் விக் தயாராகி வந்தது. தங்கை அதை மாட்டிக்கொள்ளாமல் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன யோசனை என்று கேட்டேன். "மூணு சிவப்பு ஊசி வாங்கினவளோட முடிண்ணா இது" என்றாள். நான் கடித்துக்கொண்டிருந்த பிஸ்கட்டை முழுதாகத் தின்று முடித்தேன்.

அவள் நேராகப் பெரிய சிஸ்டரிடம் போயிருக்கிறாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று பிற்பாடு உங்கள் மூலமாகத்தான் தெரிந்தது. சிவப்பு ஊசி போட்டும் முடி கொட்டாதவர்கள் யார் யார் என்று அவள் கேட்டாளாம். பெரிய சிஸ்டர் ஞாபகத்திலிருந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தாராம். படம் வரைகிறவர், கல்லூரி மாணவி, தச்சர், மீன்குட்டி. சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். எல்லோரும் என் ஆராய்ச்சிக்கு வந்தவர்கள். அவர் கையாலேயே ஊசியைத் தள்ளியிருந்தார்.

அன்று நான் கலக்கும் அறைக்குள் இருந்தேன். எட்டாவது ஆளுக்காக. கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். திரும்பினால் தங்கை நிற்கிறாள், விக் மாட்டியிருக்கிறாள். ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். கண்ணாடியின் நடுவில் பேசுவதற்காக ஒரு சல்லடைத் துளை உண்டு. அதன் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினாள். வானொலியில் மரணச் செய்தி வாசிக்கும்போது மட்டும் வரும் குரல் அது.

"அந்த ஊசியில என்ன இருக்கு?"

"வீட்டுக்குப் போ. வந்து பேசறேன்."

"அவளுக்கு என்ன போட்ட?"

"உனக்குப் புரியாது. இது பெரிய விஷயம்."

"சரி, புரியாது. அவளுக்குப் போட்டது அவ்ளோ நல்லதா?"

"நல்லது."

அவள் விக்கைக் கழற்றினாள். தலையில் அப்போதுதான் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது, வாத்துக் குஞ்சு மாதிரி.

"அப்ப எனக்கு ஏன் அண்ணா கொட்டுச்சு?"

காற்று இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையுறைகளையும் முறைப்படி உள்பக்கம் வெளியே வருமாறு கழற்றி மஞ்சள் தொட்டியில் போட்டேன். வெளியே வந்தபோது அவள் இல்லை. நீங்கள் வந்தீர்கள்.

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்க வரவில்லை. காலை நிகழ்ச்சியை மறுபடி நடத்துகிறாளாம். இங்கே லாக்கப்பில் வானொலி இல்லை. முதலில் முளைக்கும் முடி சுருட்டையாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்று யாராவது அவளிடம் சொல்லிவிட்டால் நல்லது.

நான் செய்தது அத்தனையும் இதுதான். எதையும் மறுக்கவில்லை. நான் கண்டுபிடித்தது சரி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. பழைய மருந்தைவிட என் முறை மேலானது. ஒருநாள் எல்லோருக்கும் முதலிலேயே அதைத்தான் கொடுப்பார்கள், அன்று இந்த ஏழு பேரைப் பற்றி வேறு மாதிரி பேசுவார்கள்.

நேற்று நீங்களும் தங்கை கேட்ட அதே கேள்வியைக் கேட்டீர்கள். உங்கள் முறை அவ்வளவு மேலானது என்றால் உங்கள் தங்கைக்கு மட்டும் ஏன் பழைய மருந்தைக் கொடுத்தீர்கள் என்று. அதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைத் திருத்திக்கொள்ளுங்கள். பதில் தெரியாமல் நான் பேசாமல் இருக்கவில்லை. இதையெல்லாம் ஒரு கேள்வியாகக் கேட்கிறீர்களே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பிழைக்க வேண்டாமா?